புஷ்ரா பார்த்த பூனை

கவுன்சலர் சரண்யா மேடத்தின் போன் எண்ணை புஷ்ராவுக்குக் கொடுத்ததே கரோல்தான். யாரும் கேட்கவில்லை, தானாகத்தான் கொடுத்தாள். பிறகு அந்த ஒரு காரியத்தை நினைத்து அவள் வயிறு எரிந்ததுபோல் வேறு எதற்கும் எரிந்ததில்லை.

இரண்டு பேருக்கும் தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மூன்றாவது மாடியில் வேலை. கீழ்த்தளங்களில் வழக்கமான வியாபாரம் நடக்கும். மூன்றாவது மாடி முழுக்க ஆன்லைன். குவைத்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் பெண்கள் வீடியோ காலில் வருவார்கள். புடவையை விரித்துக் காட்ட வேண்டும், முந்தானையைத் தோளில் போட்டுக் காட்ட வேண்டும், ஜரிகையை லைட்டுக்கு நேரே பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்ஸ்டாகிராமில் லைவ். அதற்கென்று ஒருத்தி பட்டுடுத்தி, பூ வைத்து, கேமரா முன்னால் நின்று பேசுவாள்.

கரோல் கேமராவுக்குப் பின்னால் உட்காருகிறவள். வாட்ஸப்பில் வரும் கேள்விகளுக்கு அவள்தான் பதில் போடுவாள். எந்தப் புடவை எந்த அலமாரியில் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவள் முகத்தை எந்த வாடிக்கையாளரும் பார்த்தது கிடையாது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவள் அம்மா டோரதி, சாந்தோமில் பெயரெடுத்த கணக்கு டீச்சர். கரோல் பி.எட். முடித்ததும் தன் பள்ளியிலேயே அவளைச் சேர்த்துவிட்டாள். முதல் நாள், எட்டாம் வகுப்பு. சாக்பீஸைக் கையில் எடுத்துத் திரும்பியவளுக்கு அத்தனை கண்களும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண், "டோரதி மிஸ் பொண்ணா இது?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. வகுப்பை விட்டு வெளியே வந்தவள் திரும்ப உள்ளே போகவே இல்லை. அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அன்றைக்கு வீட்டில் அவளுக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தாள்.

பல வருஷம் கழித்து, லஸ் கார்னரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருநாள் கரோலுக்குத் திடீரென்று மூச்சடைத்தது. நெஞ்சு படபடத்தது. செத்துப்போகப் போகிறோம் என்றே நினைத்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அங்கே இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். "இது பதற்றம்மா. யாராவது கவுன்சலர்கிட்ட பேசிப் பாருங்க. இப்பல்லாம் போன்லயே பேசலாம்" என்றார் டாக்டர்.

அப்படித்தான் சரண்யா மேடம் வந்தார். கரோலுக்குப் புதன்கிழமை லீவு. அன்றைக்கு அப்பா பிரகாசம் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அவள் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள். போன் திரையில் ஒரு சதுரம். அதற்குள் நீலச் சுவர், ஒரு மணி பிளான்ட், நாற்பதைத் தாண்டிய, அதிகம் சிரிக்காத ஒரு முகம். சரண்யா அடையாறில் இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றிக் கரோலுக்கு ஒன்றும் தெரியாது.

"பேச்சு வரலைன்னு சொன்னீங்க இல்ல, அப்ப உடம்புல எங்க என்ன ஆச்சுன்னு சொல்லுங்க," என்பார். கரோல் சொல்லச் சொல்லக் கேட்பார். இடையில் புகமாட்டார். கரோல் பேசுவதை இத்தனை பொறுமையாக யாரும் கேட்டதில்லை. வாரம் முழுக்க அவள் பேச நினைத்ததையெல்லாம் புதன்கிழமைக்குச் சேர்த்து வைத்தாள். அந்தச் சதுரத்துக்குள் இருந்தவர் தனக்காகவே அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று மெல்ல மெல்ல நம்ப ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் என்றாலும், முன்னேற்றமும் இருந்தது. வாட்ஸப்பில் எழுதிக்கொண்டிருந்தவள், முகம் காட்டாமல் குரல் மட்டும் பதிவு செய்து அனுப்பத் துணிந்தாள். தீபாவளி லைவைத் தான் செய்ய வேண்டும் என்ற ஆசையையும் சரண்யாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் புஷ்ரா வேலைக்கு வந்தாள். சைதாப்பேட்டைப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம். தலையில் போட்ட துப்பட்டாவை நிமிஷத்துக்கு ஒருமுறை சரிசெய்துகொண்டே இருப்பாள். வந்த வாரத்திலேயே ஒரு வீடியோ காலில், "உனக்குப் பேசவே தெரியலையே, வேற யாரையாவது கூப்பிடு" என்று ஒரு வாடிக்கையாளர் கத்திவிட, ஸ்டாக் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கரோல் பின்னாலேயே போனாள்.

"கை நடுங்கிக்கினே கீதுக்கா. பாருங்க," என்று புஷ்ரா இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். "வீட்ல கூட இப்டித்தான். பெல் அடிச்சா பயம், போன் வந்தா பயம். நான் எதுக்கும் லாயக்கில்லக்கா."

கரோலுக்கு அந்தக் கைகளைத் தெரியும். அவை அவளுடைய கைகளேதான். பக்கத்தில் உட்கார்ந்து, தன்னைப் பற்றி அதுவரை கடையில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். பிறகு சரண்யாவின் எண்ணைக் கொடுத்தாள். "நானே மேம்கிட்ட சொல்றேன், என் ஃப்ரெண்டு வருவான்னு," என்றபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது. தன்னிடமும் ஒருத்திக்குக் கொடுக்க ஏதோ இருக்கிறது என்கிற பெருமை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. புஷ்ரா மதியச் சாப்பாட்டில் பாதியைக் கரோலுக்கு எடுத்து வைப்பாள். "நீங்க இல்லன்னா நான் இன்னா ஆகியிருப்பேன்" என்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை, டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"நேத்து செம காமெடிக்கா. பேசிக்கினு இருக்கும்போதே சரண்யா மேம் மடியில பூனை ஏறி உக்காந்துச்சு. கறுப்பும் வெள்ளையுமா. மேம் அப்டியே சிரிச்சுட்டாங்க. சிரிச்சாங்கன்னா, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு!"

"பூனையா?" என்றாள் கரோல்.

"ஆமாக்கா. உங்களுக்குத் தெரியாதா? பேரு கூட சொன்னாங்களே. இஞ்சி."

கரோல் சோற்றைப் பிசைந்தாள். இத்தனை மாதத்தில் ஒரு பூனை வாலைக்கூட அவள் பார்த்ததில்லை. சரண்யா வாய்விட்டுச் சிரித்தும் பார்த்ததில்லை.

"நம்ம கடையில தான் அவங்க புடவை வாங்குவாங்களாம். ஓனரைக் கூடத் தெரியுமாம்," என்றாள் புஷ்ரா.

அதுவும் கரோலுக்குத் தெரியாது.

அடுத்த நாள் மொட்டைமாடியில் உட்கார்ந்தவள் சரண்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மடி இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தாங்காமல், "புஷ்ரா எப்படி இருக்கா மேம்? நல்லா பண்றாளா?" என்று கேட்டாள்.

"கரோல், அவங்க வர்றாங்களா இல்லையான்னு கூட நான் சொல்லமாட்டேன்," என்றார் சரண்யா. குரலில் கோபம் இல்லை. "நீங்க வர்றதையும் நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. ஆனா ஏன் கேட்டீங்கன்னு பேசலாமா?"

"சும்மாதான் மேம்," என்று சிரித்து மழுப்பினாள். கதவைச் சாத்திவிட்டார் என்றுதான் அவளுக்குப் பட்டது. உள்ளே அவரும் புஷ்ராவும் பூனையும் இருக்கிறார்கள். வெளியே அவள் நிற்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் புஷ்ராவைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. புஷ்ராவின் கை நடுக்கம் குறைவதைப் பார்த்தாள். வாடிக்கையாளர் கத்தினால், "ஒரு நிமிஷம் மேடம், நீங்க கேட்டதையே எடுத்துட்டு வர்றேன்" என்று நிதானமாகச் சொல்வதைப் பார்த்தாள். சரண்யா கொடுக்கும் சின்னச் சின்னப் பயிற்சிகளைப் புஷ்ரா அடுத்த நாளே செய்துவிடுவாள். தெரியாத ஒருவரிடம் வழி கேட்க வேண்டும், கடையில் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இப்படி. அதே பயிற்சிகளைக் கரோல் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தாள். ஆவணியில் வழக்கமாக லைவ் செய்கிற பெண் பிரசவத்துக்குப் போனபோது, புஷ்ரா ஒருநாள் கேமரா முன்னால் நின்றாள். முதலில் கொஞ்சம் திக்கினாள். பிறகு பேச்சு வந்துவிட்டது. ஒரு மாம்பழ நிறப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இதக் கட்டிக்கினு மாமியார் வீட்டுக்குப் போனா மாமியாரே எழுந்து நின்னு உக்கார சேர் போடுவாங்க" என்றாள். கமெண்டில் சிரிப்புப் படங்களாக வந்து குவிந்தன. பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் போட்டவள் கரோல்.

எல்லோரும் கைதட்டினார்கள். கரோலும் தட்டினாள். புஷ்ரா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "உங்களாலதான்க்கா!" அந்த அணைப்புக்குள் கரோலின் உடம்பு மரக்கட்டைபோல் நின்றது. என் கவுன்சலர், என் பயிற்சி, என் ஆசை, எல்லாம் இவளுக்கு. இவளுக்கு மட்டும் எப்படி இத்தனை சுலபமாக வருகிறது? என்னைவிட இவளைத்தான் அவருக்குப் பிடிக்கும். பிடிக்காமலா சிரிப்பார்? வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இதே கேள்விகள்தான். தான் இல்லாத நேரத்தில் அந்த நீலச் சுவருக்கு முன்னால் என்ன பேசுகிறார்கள் என்று கற்பனை செய்து செய்து தலை வலித்தது. இதைச் சரண்யாவிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் சரண்யா தன்னைப் பற்றி என்ன நினைப்பார்?

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் முதலாளி சுயம்புலிங்கம் கரோலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் கடை போட்டவர். வேலை செய்கிற பெண்களிடம் குரலை உயர்த்தமாட்டார், ஆனால் வியாபாரத்தில் எதையும் விட்டுவைக்கமாட்டார்.

"ஏம்மா கரோலு, தீபாவளி லைவை அந்தப் புஷ்ராப் புள்ளைகிட்டயே குடுத்துரலாம்னு பாக்கேன். நீ பின்னால இருந்து பாத்துக்க. என்ன சொல்லுத?"

கரோலின் காது சூடானது. "நல்லா பண்ணுவா சார்," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா... அவளுக்காகத்தான் சொல்றேன் சார். அவ கவுன்சலிங் போயிட்டிருக்கா. ரொம்ப டென்ஷன் பிரச்சினை. கை நடுங்கும், அழுதுடுவா. தீபாவளி லைவ்னா ஆயிரக்கணக்குல பார்ப்பாங்க. நடுவுல ஏதாவது ஆயிட்டா..."

"கவுன்சலிங்னா? மனசு டாக்டரா?"

"அந்த மாதிரிதான் சார். நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம். பாவம்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கே அது உண்மைபோல் இருந்தது.

மறுநாள் சுயம்புலிங்கம் புஷ்ராவைக் கூப்பிட்டு, "உடம்பைப் பாத்துக்கம்மா, நரம்புத் தளர்ச்சின்னு கேள்விப்பட்டேன், இந்தத் தடவை கரோல் பண்ணட்டும்" என்றார். யார் சொன்னது என்று அவள் கேட்டதற்கு, "எப்படியோ தெரிஞ்சுது, விடு" என்று முடித்துவிட்டார். புஷ்ரா நேராக ஸ்டாக் ரூமுக்கு வந்தாள். கரோல் அங்கே புடவை எண்ணிக்கொண்டிருந்தாள். தன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

"சரண்யா மேம்தான் சொல்லிக்கீறாங்க," என்றாள் புஷ்ரா.

கரோல் நிமிர்ந்தாள்.

"அவங்களுக்கு ஓனரைத் தெரியும்க்கா. கடைக்கு வந்தப்ப பேச்சுவாக்குல சொல்லியிருப்பாங்க. வேற யாருக்குத் தெரியும்? என் மாமியாருக்குக் கூடத் தெரியாது." அவள் கை மறுபடி நடுங்கியது. "எங்கம்மாகிட்ட கூட சொல்லாததெல்லாம் அந்தப் பொம்பளைகிட்ட சொன்னேன்க்கா."

'வேற யாருக்குத் தெரியும்' என்ற கேள்விக்கான பதில் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. புஷ்ராவுக்கு அது தோன்றவே இல்லை. கரோல் வாயைத் திறந்தாள். எட்டாம் வகுப்பில் நின்றதுபோலவே நின்றாள். ஆனால் அன்றைக்கு வார்த்தை வரவில்லை. இன்றைக்கு வந்த வார்த்தையை அவளே விழுங்கினாள். "அப்படியா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலமே புஷ்ரா சரண்யாவைத் திட்டி ஒரு செய்தி அனுப்பினாள். கவுன்சலிங் நடத்துகிற நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி, 'இவங்களை நம்பி எதையும் சொல்லாதீங்க, வெளியில சொல்லிடுவாங்க' என்று ஒற்றை நட்சத்திரத்தோடு போட்டாள். பஸ்ஸில் அதைப் படித்த கரோலுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம்தான் வந்தது. சரண்யா இனி தனக்கு மட்டும். அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

தீபாவளி லைவ் நடந்தது. கரோல் அரக்குப் பட்டு உடுத்தி நின்றாள். லைட்டின் சூடு முகத்தில் அடித்தது. பார்க்கிறவர்களின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே போனது. பாதியில், ஒரு பச்சைப் புடவையை விரித்துப் பிடித்தபோது, தொண்டை அடைத்தது. அவ்வளவுதான் என்று நினைத்தாள். அப்போது கேமராவுக்குப் பின்னால், தான் வழக்கமாக உட்காருகிற நாற்காலியிலிருந்து, மெல்லிய குரல் கேட்டது.

"பார்டரைக் காட்டுங்கக்கா. பார்டர்ல மயில் கீது பாருங்க. அதச் சொல்லுங்க."

கரோல் மயிலைக் காட்டினாள். பேச்சு வந்தது. லைவ் முடிந்தபோது அந்த மாடியில் இருந்த புடவையில் பாதிக்குமேல் போய்விட்டிருந்தது. பள்ளிக்கூட ஆசிரியைகளோடு சேர்ந்து பார்த்த அம்மா போன் செய்து, "என் பொண்ணு!" என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் அழுதாள். இத்தனை வருஷம் கரோல் காத்திருந்தது அந்த அழுகைக்காகத்தான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே அவள், சிதறிக் கிடந்த புடவைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்த புஷ்ராவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து லைவைப் பற்றிச் சொன்னாள். சரண்யா கேட்டார், நல்லது என்றார். ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம். பேச்சின் நடுவில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பூனை அவர் மடியில் ஏறியது. சரண்யா சிரிக்கவில்லை. அது ஏறியதையே கவனிக்காதவர்போல் அதன் தலையில் ஒரு கையை வைத்தபடி, "கரோல், ஒரு விஷயம் சொல்லணும். என்மேல ஒரு புகார் வந்திருக்கு. விசாரணை முடியற வரைக்கும் நிறுவனம் என்னை நிறுத்தி வைக்கலாம். அடுத்த வாரம் நான் இருப்பேனான்னு தெரியல. திடீர்னு நின்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் முன்னாடியே சொல்றேன்," என்றார்.

"என்ன புகார் மேம்?" என்று கேட்டாள் கரோல்.

"அதைச் சொல்ல முடியாது."

யார் எழுதியது என்றோ, ஏன் எழுதினாள் என்றோ, தனக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்றோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புஷ்ராவின் பெயரை அன்றும் அவர் காப்பாற்றினார். திரை அணைந்த பிறகும் கரோல் வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்று மதியம் புஷ்ராவின் கணவன் ஃபைசான் போன் செய்தான். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. புஷ்ரா சரியா சாப்புடறதே இல்ல. ரெண்டு நாளா வேலைக்கும் வரல இல்ல? கதவத் தட்டுனா பயப்படுது. கவுன்சலிங் போன்னா, செத்தாலும் போமாட்டேன்னு சொல்லுது. நீங்க சொன்னா கேக்கும். உங்க மேல அதுக்கு அவ்ளோ இது."

கரோல் அப்போதே கிளம்பினாள். சைதாப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில், மாடியில் ஒரே அறையும் சமையலறையும். புஷ்ரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கரோலைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க முடியாமல் கரோல் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

"சரண்யா மேம் சொல்லல புஷ்ரா. ஓனர்கிட்ட சொன்னது நான்தான்."

வெளியே ஒரு மின்சார ரயில் போனது. சமையலறை வாசலில் நின்ற ஃபைசானின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"ஏன்?" என்றாள் புஷ்ரா.

"பொறாமை." அந்த வார்த்தையை அவள் அதுவரை தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. "உன்னைப் பார்த்து. மேம் உங்கிட்ட சிரிக்கறாங்கன்னு. உனக்கு எல்லாம் சீக்கிரம் வருதுன்னு."

புஷ்ரா அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "எம்மேலயா? என்னைப் பாத்தாக்கா? யா அல்லா, எங்கிட்ட இன்னா கீதுன்னு?" ஃபைசானைப் பார்த்துச் சொன்னாள், "கேட்டியா, என்னைப் பாத்து ஒருத்தங்களுக்குப் பொறாமையாம்." சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் கோணியது.

"நான் அந்தம்மாவை என்னென்னவோ எழுதிட்டேன்க்கா. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல அவங்க. அவங்கமேல சந்தேகம் வந்துச்சு. ஓனரோட டிரைவர் மேலகூட வந்துச்சு. உங்கமேல ஒரு செகண்டு கூட வரல. நீங்க எனக்கு அக்கா இல்ல?"

"மன்னிச்சுக்கன்னு கேக்க எனக்கு..."

"கேக்காதீங்க," என்றாள் புஷ்ரா. "இப்ப கேக்காதீங்க. போங்கக்கா."

ஃபைசான் வழிவிட்டான். படி இறங்கும்போது யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் கரோல் சுயம்புலிங்கத்தின் அறைக்குப் போனாள். புஷ்ராவைப் பற்றிச் சொன்னது கெட்ட எண்ணத்தோடு சொன்னது என்றாள். தானும் அதே கவுன்சலரிடம் போவதாகவும், புஷ்ராவுக்கு முன்னாலிருந்தே போவதாகவும் சொன்னாள்.

சுயம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "நீயுமா?"

"ஆமா சார்."

"அப்ப தீபாவளிக்குப் பேசினது?"

"நான்தான் சார்."

"அதுல ஒரு கோளாறும் தெரியலையே." கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் என்னமோ கோட்டி பிடிச்சவங்கதான் அங்கெல்லாம் போவாங்கன்னு நெனைச்சேன். சரி போ. அந்தப் புள்ளைய வரச் சொல்லு. நான் பேசுதேன்." பிறகு, அவள் கதவருகே போனதும், "நீ செஞ்சது சரியில்லம்மா" என்றார். கரோலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

புஷ்ரா புகாரைத் திரும்பப் பெற்றாள். சரண்யாவிடம் மன்னிப்புக் கேட்டதாக ஃபைசான் மூலம் தெரிந்தது. கார்த்திகையில் முகூர்த்தச் சேலை லைவுக்கு மறுபடி கேமரா முன்னால் நின்றாள். கரோல் கேமராவுக்குப் பின்னால் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலைக்கு வேண்டியதைப் புஷ்ரா கேட்பாள், "அந்த வயலட் எங்க இருக்கு?" என்று. 'அக்கா' என்ற வார்த்தை மட்டும் அந்தக் கேள்விகளின் முடிவில் வருவதில்லை. மதியச் சாப்பாட்டை வேறு பெண்களோடு சாப்பிட்டாள்.

சரண்யா திரும்ப வந்த முதல் புதன்கிழமை, கரோல் எல்லாவற்றையும் சொன்னாள். பூனையிலிருந்து ஆரம்பித்தாள். சரண்யா வழக்கம்போல இடையில் புகாமல் கேட்டார்.

"இதைக் கேக்கறது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு," என்றார். "அதை மறைச்சா நான் உங்ககிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடும். இதுல என் தப்பும் இருக்கு கரோல். ஒரே இடத்துல வேலை செய்யறவங்க, நெருங்கின தோழின்னு நீங்க சொன்னப்பவே, ரெண்டு பேரையும் நானே பாக்கலாமான்னு யோசிச்சிருக்கணும்."

"உங்களுக்கு எங்கிட்ட கோபமா மேம்?"

"கொஞ்ச நாள் இருந்துச்சு. யார்மேலன்னு தெரியாத கோபம். இப்ப அவ்வளவா இல்ல." பிறகு, "இதை நீங்க அந்த முதல் வாரமே எங்கிட்ட சொல்லியிருக்கலாம். பொறாமைன்னு சொன்னா நான் உங்களை வெறுத்துடுவேன்னு நெனைச்சீங்க, இல்லையா?" என்றார்.

கரோல் தலையாட்டினாள். பிறகு, யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். "நான் வேற யார்கிட்டயாவது போறேன் மேம். அவ பயமில்லாம உங்ககிட்ட வரட்டும். நான் இங்க இருந்தா அவளுக்கு எப்பவும் ஒரு உறுத்தல் இருக்கும்."

சரண்யா வேண்டாம் என்று சொல்வார் என ஒரு மூலையில் எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. "நல்ல முடிவுன்னு நினைக்கறேன்," என்றார். "நம்பிக்கையான ஒருத்தரை நானே சொல்றேன். முதல் செஷன் வரைக்கும் ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க."

திரை அணைந்ததும் கரோல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த புதன்கிழமையும் அந்த நீலச் சுவருக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பார். வேறு யாரோ பேசுவார்கள். அவர் கேட்பார். அதை நினைத்தபோது, தானே விட்டுக்கொடுத்த பிறகும், நெஞ்சில் அதே பழைய எரிச்சல் எழுந்தது.

புதிய கவுன்சலர் பெயர் ஜவஹர். வேளச்சேரியில் இருந்தார். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, பின்னால் புத்தகங்கள் சரிந்து கிடக்கிற அலமாரி. பார்த்ததுமே கரோலுக்குப் பிடிக்கவில்லை. சரண்யா மாதிரி இல்லை என்பதைத் தவிர அவரிடம் அவளுக்கு வேறு குறை ஒன்றும் இல்லை.

"சொல்லுங்க கரோல், எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?"

பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். லஸ் கார்னரிலிருந்து ஆரம்பிக்கலாம். எல்லோரும் பரிதாபப்படுகிற கதைகள் அவை. கரோல் இயர்போனை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "நான் பொறாமைப்படுறவ சார். என் ஃப்ரெண்டு ஒருத்தி முன்னுக்கு வந்ததைத் தாங்க முடியாம அவளுக்குக் கெடுதல் பண்ணினேன். இப்பவும் அவமேல பொறாமையாத்தான் இருக்கு," என்று சொல்லி முடித்தாள்.

பதில் இல்லை. கண்ணைத் திறந்தாள். ஜவஹரின் முகம் திரையில் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றது. பிறகு படம் அசைந்தது.

"சாரிம்மா, நடுவுல கட்டாயிடுச்சு. ஒண்ணுமே கேக்கல. திரும்பச் சொல்றீங்களா?"

பக்கத்து மாடியில் ஓர் அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கரோல் அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியைச் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற கைப்பிடிச் சுவர் ஓரமாக, வெயிலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முன்னைவிடச் சத்தமாக, முதலிலிருந்து சொன்னாள்.